வீட்டுக்குள் காய்கறி நாற்று: விதை சோதிப்பதிலிருந்து முளைக்காத குழியைத் தோண்டிப் பார்ப்பது வரை

சில வருடங்களுக்கு முன் 98 குழி ட்ரே (நாற்று போடும் குழித்தட்டு) ஒன்றில் முழுக்க மிளகாய் விதை போட்டேன். மூன்று வாரம் கழித்து எண்ணினால் 11 செடி. விதை விற்ற கடையைத் திட்டிவிட்டு வேறு கடையில் பாக்கெட் வாங்கிப் போட்டேன், அதிலும் 14தான். மூன்றாவது தடவை ஆத்திரத்தில் ஒரு ஊதுபத்திக் குச்சியை எடுத்துக் குழிகளைக் கிளறியபோதுதான் விஷயம் தெரிந்தது. பாதிக்கு மேல் விதைகள் முளை விட்டிருந்தன, மேலே வருவதற்குள் காய்ந்து பழுப்பு நூலாகக் கிடந்தன. காலையில் தண்ணீர் தெளித்துவிட்டு ஆபீஸ் போய்விடுவேன், பால்கனியில் ட்ரே மதியம் முழுக்கக் காயும். விதை என்ன செய்யும் பாவம்.

அதற்கப்புறம் எங்கள் குடியிருப்பில் மாடித்தோட்டம் தொடங்குகிற ஒவ்வொருவருக்கும் நாற்று போட உதவி வருகிறேன். பெரும்பாலும் எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: விதையைச் சோதிக்காமலே போடுகிறார்கள், முளைக்கவில்லை என்றால் தோண்டிப் பார்க்காமலே அடுத்த பாக்கெட் வாங்குகிறார்கள். கீழே சொல்வது சென்னை மாதிரி வெக்கையும் ஈரக் காற்றும் உள்ள ஊரில், மாடி வெயிலில் விடாமல் வீட்டுக்குள்ளோ பால்கனி நிழலிலோ நாற்று வளர்க்கும் முறை.

1. ட்ரேயில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது

தக்காளி, கத்தரி, மிளகாய், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இவற்றுக்குத்தான் ட்ரே. சின்ன விதை, மெதுவான ஆரம்பம், பிடுங்கி நட்டால் தாங்கும் வேர்.

முள்ளங்கி, கேரட், கீரை வகைகள், வெண்டை, கொத்தவரை, அவரை எல்லாம் நேரடியாகத் தொட்டியிலேயே போடுங்கள். முள்ளங்கிக்கும் கேரட்டுக்கும் முதல் வேர்தான் காய், அதை ட்ரேயில் மடக்கி விட்டால் பிறகு கிளை பிரிந்து கோணலாகத்தான் வரும்.

பாகல், புடலை, பீர்க்கன், சுரை, வெள்ளரி எல்லாம் இந்த இரண்டு வகைக்கும் நடுவில். வேரைத் தொட்டாலே கோபித்துக்கொள்ளும் செடிகள் இவை. ட்ரே வேண்டாம், ஓட்டை போட்ட பேப்பர் கப்பில் ஒன்றொன்றாகப் போட்டு, இரண்டு நிஜ இலை (முளைக்கும்போது வரும் வித்திலைகளுக்கு அடுத்து வருபவை) வந்ததும் கப்பைக் கிழித்து மண்ணோடு நடுங்கள். 15 நாளுக்கு மேல் கப்பில் வைத்திருந்தால் அப்புறம் கொடி ஓட மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

2. முதலில் வாங்கி வைக்க வேண்டியவை

குழித்தட்டு (வீட்டுக்கு 50 குழி போதும், 98 குழி சிறியது என்பதால் சீக்கிரம் காயும்), கோகோபீட் (தென்னை நார்த் தூள்) கட்டி, சலித்த மண்புழு உரம், கைத் தெளிப்பான், ட்ரேக்கு அடியில் வைக்க ஒரு தட்டு, மூட ஒரு பிளாஸ்டிக் ஷீட், பெயர் எழுத ஐஸ்குச்சி, பென்சில். பேனா மை தண்ணீரில் கரைந்துவிடும். எது கத்தரி எது சுண்டைக்காய் என்று தெரியாமல் ஒரு மாதம் நான் தவித்திருக்கிறேன்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் பலர் நாற்றுக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பெல்லாம் செறிந்து இருக்கும். வீடு துடைக்கலாம், நாற்றுக்கு வேண்டாம். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரும் அப்படியே. குழாயில் வரும் மாநகராட்சித் தண்ணீர், மழைத்தண்ணீர் இரண்டும் நல்லது.

3. பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்

முன்பக்கத்தில் இருக்கும் பளபள தக்காளிப் படத்தை விடுங்கள். பின்பக்கத்தில் சோதித்த தேதி, செல்லுபடியாகும் தேதி, முளைப்புத் திறன் என்று மூன்று இருக்கும். அரசு சான்று பெற்ற விதைக்கு முளைப்புத் திறன் குறைந்தபட்சம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று இந்தியாவில் விதி உண்டு. தக்காளி, கத்தரிக்கு 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. அதாவது 100 மிளகாய் விதையில் 60 முளைத்தாலே அது சட்டப்படி நல்ல விதைதான். 10 போட்டு 6 வந்ததற்குக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

வெங்காய விதை ஒரு வருடத்திலேயே வீரியம் போய்விடும். மிளகாயும் வெண்டையும் இரண்டு வருடம், தக்காளியும் கத்தரியும் நன்றாக வைத்திருந்தால் நான்கு வருடம் வரை. இதெல்லாம் குளிர்ச்சியாகவும் உலர்வாகவும் வைத்திருந்தால் வரும் கணக்கு. வாசலில் வெயில் படுகிற மாதிரி கம்பியில் தொங்கவிட்டிருக்கும் பாக்கெட்டுக்கு எந்தக் கணக்கும் பொருந்தாது, அதை வாங்காதீர்கள்.

இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் பூசின மாதிரி இருந்தால் அது பூஞ்சண மருந்து தடவிய விதை. அதை ஊறவைத்தால் மருந்து கழுவிப் போகும், அப்படியே போடுங்கள், போட்டபின் கை கழுவுங்கள். மீந்ததைக் கோழிக்கோ புறாவுக்கோ வீசிவிடாதீர்கள்.

வீட்டில் எடுத்த விதையா? பிஞ்சாகப் பறித்துக் குழம்பு வைத்த கத்தரியின் விதை முளைக்காது. காய் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்க வேண்டும். தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு முளைப்பைத் தடுக்கும், ஒன்றிரண்டு நாள் அந்தச் சாறோடே புளிக்கவிட்டுக் கழுவி, நிழலில் காயவைத்திருக்க வேண்டும்.

4. விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்னாடியே டிஷ்யூ சோதனை

இந்த ஒரு படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பிற்பாடு ஏதாவது தப்பாகும்போது காரணம் தேட இந்தச் சோதனையின் எண்ணிக்கை கையில் இருந்தே ஆக வேண்டும்.

டிஷ்யூ பேப்பரை நனைத்து, தண்ணீர் சொட்டாமல் பிழிந்து, விதைகளை இடைவெளி விட்டு அடுக்கி, மேலே இன்னொன்றை மூடி, பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூடுங்கள். 20 விதை வைத்தால் நல்லது, பாக்கெட்டில் அவ்வளவு இல்லையென்றால் 10. டப்பாவின் மேல் தேதி எழுதுங்கள். சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கு மேலே மிதமான சூடு இருக்கும், அங்கே வையுங்கள். தினம் ஒரு தடவை திறந்து மூடினால் காற்றும் மாறும், ஈரமும் தெரியும்.

தக்காளி 5 முதல் 8 நாள், கத்தரி 7 முதல் 10, மிளகாய் 8 முதல் 14. முளைத்ததை எண்ணுங்கள். 20இல் 16 வந்தால் குழிக்கு ஒரு விதை. 12 வந்தால் குழிக்கு இரண்டு. 6க்குக் கீழே போனால் அந்தப் பாக்கெட்டை ட்ரேயில் போட்டு இடத்தை வீணாக்காதீர்கள். பாக்கெட் முழுவதையும் இதே மாதிரி டிஷ்யூவிலேயே முளைக்க வைத்து, முளைத்ததை மட்டும் பொறுக்கி நடுங்கள். வேர் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், நீளமாக விட்டால் டிஷ்யூவோடு பின்னிக்கொண்டு பிய்ந்துபோகும். ஈரமான ஐஸ்குச்சி நுனியில் ஒட்டவைத்துத் தூக்கினால் கை படாமல் வரும்.

சோதனையில் முளைத்த விதைகளும் வீண் இல்லை, அதே முறையில் ட்ரேக்குப் போகும்.

5. கோகோபீட்டைக் கழுவுங்கள்

650 கிராம் கட்டி ஒன்றை வாளியில் போட்டு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் உப்பி 8 லிட்டர் அளவுக்கு வரும். பலர் அப்படியே அள்ளி ட்ரேயில் நிரப்பிவிடுகிறார்கள். தென்னை மட்டையில் இயல்பாகவே உப்பு இருக்கும், அதைக் கழுவாமல் விட்டால் விதை தண்ணீரை உறிஞ்சவே சிரமப்படும், முளைத்தாலும் வேர் நுனி கருகும். "கழுவியது" என்று கட்டியின் மேல் போட்டிருந்தாலும் நான் இரண்டு தடவை கழுவுகிறேன்.

பழைய வேட்டித் துணியில் கட்டி வாளித் தண்ணீரில் அமுக்கி அமுக்கிப் பிழியுங்கள். முதல் தண்ணீர் கருப்பட்டிக் காபி நிறத்தில் வரும். லேசான டீ நிறத்துக்கு வரும்வரை தண்ணீரை மாற்றினால் போதும்.

கழுவியதில் மூன்று பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. அதற்குமேல் உரம் சேர்த்தால் சேறு மாதிரி இறுகி, குட்டிக் குட்டி ஈக்கள் வரும். முளைப்பதற்குத் தேவையான சாப்பாடு விதைக்குள்ளேயே இருக்கிறது, உரம் அப்புறம் வரும் இலைகளுக்குத்தான். தோட்டத்து மண்ணைக் கலக்கவே வேண்டாம், குழியில் அது கெட்டிப்படும், நோயும் அதில்தான் வரும்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து நன்றாக அழுத்துங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் இன்னும் பிழிய வேண்டும். உருண்டையாக நிற்காமல் உதிர்ந்தால் தண்ணீர் போதாது.

6. ஊறவைப்பதும் விதை நேர்த்தியும்

எல்லா விதையையும் இரவெல்லாம் ஊறவைக்கச் சொல்லி யாரோ சொல்லியிருப்பார்கள். வேண்டாம். தக்காளி, கத்தரிக்குத் தேவையே இல்லை. மிளகாய்க்கு ஐந்தாறு மணி நேரம் போதும். பாகல், பீர்க்கன் மாதிரி தோல் கெட்டியான விதைகளுக்கு 12 மணி நேரம் தேவைதான். பாகலுக்கு நான் நகவெட்டியால் கூர் முனையில் தோலை மட்டும் லேசாக நறுக்கி விடுவேன், உள்ளே இருக்கும் பருப்பில் படாமல். அவரை, பீன்ஸ் வகைகளை அதிக நேரம் தண்ணீரில் போட்டால் பருப்பு வெடித்து இரண்டாகப் பிளந்துவிடும், அவற்றை ஊறவைக்காமலே போடுங்கள். கொத்தமல்லியைச் சப்பாத்திக் கட்டையால் மெதுவாக உருட்டி இரண்டாக உடைத்துவிட வேண்டும், ஒவ்வொரு பாதியிலும் ஒரு விதை.

மருந்து தடவாத விதையாக இருந்தால் சூடோமோனாஸ் பவுடரை (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பாக்டீரியா) லேசாகக் கலந்துகொள்ளுங்கள். கிலோவுக்கு 10 கிராம் என்பது பரிந்துரை, நம்முடைய ஒரு ஸ்பூன் விதைக்கு ஒரு சிட்டிகையே அதிகம். அதே வேலை செய்யும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி என்றால் கிலோவுக்கு 4 கிராம். ஏதாவது ஒன்று போதும். ஆனால் செத்த விதையை இது எழுப்பாது, முளைக்கும் விதையை அழுகலிலிருந்து காப்பாற்றும், அவ்வளவுதான்.

7. விதைக்கும் ஆழம்

விதையின் அகலத்தைப்போல் சுமார் இரண்டு மடங்கு ஆழம். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு அரை சென்டிமீட்டர், கொடிக் காய்களுக்கு இரண்டு சென்டிமீட்டர். சொன்னால் தலையாட்டுவார்கள், ஆனால் கை கேட்காது, ஆள்காட்டி விரலை ஒரு கணு வரைக்கும் அமுக்கித்தான் குழி போடுவார்கள். தக்காளி விதைக்குள் இருக்கும் சேமிப்பு அந்த ஆழத்திலிருந்து மேலே வரப் போதாது.

பென்சிலின் பின்பக்கத்தில் அரை சென்டிமீட்டரில் ரப்பர் பேண்ட் சுற்றிக்கொள்ளுங்கள், அது இறங்கும் வரைக்கும்தான் குழி. கொடி விதைகளைக் கூர் முனை கீழே பார்க்க வையுங்கள், வேர் அங்கிருந்துதான் வரும். லெட்யூஸுக்கு (சாலட் கீரை) வெளிச்சம் தேவை, மேலே தூவி அமுக்கிவிட்டால் போதும், மூட வேண்டாம்.

விதை போட்டபின் மேலே உலர்ந்த கோகோபீட்டைத் தூவாதீர்கள். ஒருமுறை காய்ந்த தூள் சீராக நனையாது, மேலே நனைந்த மாதிரி தெரியும், அடியில் பொடிபொடியாக இருக்கும். அதே ஈரக் கலவையைத்தான் மேலேயும் போட வேண்டும்.

8. முளைக்கும் வரை மூடி, சூட்டில்

தெளிப்பானால் ஒருமுறை நனைத்து, பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள். நாற்றுப்பண்ணைகளில் ட்ரேக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஷீட்டால் போர்த்தி வைப்பதும் இதற்காகத்தான், ஈரம் வெளியே போகாது, சூடு ஒரே சீராக இருக்கும். நான் மதியம் காயவிட்டுக் கொன்ற மிளகாய் எல்லாம் ஒரு ஷீட் இருந்திருந்தால் பிழைத்திருக்கும்.

இந்தக் கட்டத்தில் வெளிச்சம் முக்கியமில்லை, சூடுதான் முக்கியம். மிளகாய் 25 முதல் 30 டிகிரியில் சுமார் எட்டு நாளில் முளைக்கும், 15 டிகிரியில் 25 நாள் ஆகும். சென்னையில் வீட்டுக்குள் இந்தச் சூடு எப்போதும் உண்டு. பெங்களூரில் டிசம்பரில் போடுகிறவர்களும் ஊட்டி, கொடைக்கானல்காரர்களும்தான் ஃப்ரிட்ஜ் மேலேயோ செட்டாப் பாக்ஸ் மேலேயோ இடம் தேட வேண்டும். ராத்திரி முழுக்க ஏசி ஓடும் அறையில் மிளகாய் ட்ரேயை வைத்துவிட்டு "பத்து நாள் ஆச்சு, ஒண்ணும் காணோம்" என்று என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு.

லெட்யூஸுக்கு இது தலைகீழ். 35 டிகிரியில் அது முளைக்கவே முளைக்காது. மே மாதம் இதைப் போட ஆசைப்பட்டால் அந்த ஏசி அறைதான் சரியான இடம்.

மூடிய ட்ரேயை வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஷீட்டுக்குள் விதை வெந்துவிடும்.

9. முதல் தலை தெரிந்த அன்றே ஷீட்டை எடுங்கள்

எல்லாம் முளைக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நாலைந்து குழியில் வளைந்த கழுத்து வெளியே தெரிந்ததும் ஷீட் போய்விட வேண்டும், ட்ரே வெளிச்சத்துக்கு வந்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் நாற்று வெள்ளையாக, இடியாப்ப நூல் மாதிரி நீண்டுவிடும், அதை அப்புறம் குட்டையாக்க முடியாது. வெள்ளிக்கிழமை முளைவிட்டதைத் திங்கட்கிழமை ஊரிலிருந்து திரும்பி வந்து பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கிழக்கு ஜன்னல் சிறந்தது. நாற்று ஒரு பக்கமாகச் சாய்ந்தால் தினமும் ட்ரேயைத் திருப்பி வையுங்கள். அப்படியும் நெட்டையாகிறது என்றால் சாதாரண வெள்ளை எல்இடி டியூப் 20 வாட்டில் ஒன்றை ட்ரேக்கு மேல் 10 முதல் 15 சென்டிமீட்டரில் கட்டி, தினம் 14 மணி நேரம் எரியவிடுங்கள். இதற்கென்று விற்கும் ஊதா விளக்கு தேவையில்லை. உயரத்தில்தான் தப்பு செய்கிறார்கள், கூரையில் எரியும் விளக்கு நாற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை.

இனிமேல் தண்ணீர் அடித்தட்டில் ஊற்றி 20 நிமிடம் உறிஞ்சவிட்டு, மீதியைக் கொட்டிவிடுங்கள். மேல்பரப்பு நிறம் வெளுக்கத் தொடங்கும்போது ஊற்றினால் போதும்.

10. முளைக்கவில்லையா? முதலில் காலிக் குழிகளைப் பாருங்கள், அப்புறம் தோண்டுங்கள்

நாள் கணக்கு தாண்டிவிட்டது, பாதிக் குழி காலி. தண்ணீரை இன்னும் ஊற்றத் தோன்றும், ஊற்றாதீர்கள். ட்ரேயை மேலிருந்து பாருங்கள்.

ஓரத்து வரிசைகள் மட்டும் காலி என்றால் காய்ந்திருக்கிறது, ஓரம்தான் முதலில் காயும். நடுவில் மட்டும் காலி என்றால் ட்ரே நடுவில் தொய்ந்து தண்ணீர் அங்கே சேர்கிறது. காற்று வரும் பக்கம், ஃபேன் பக்கம் என்று ஒரு பக்கம் மட்டும் காலியாக இருப்பதும் உண்டு. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காலி என்றால்தான் விதையின் மேல் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் ஊதுபத்திக் குச்சி. ஐந்து காலிக் குழிகளைத் தோண்டி, விதையை எடுத்து ஒரு வெள்ளைத் தட்டில் வையுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள், விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். ஆறு விதமாகத்தான் இருக்கும்.

விதையே இல்லை. எறும்பு தூக்கிப்போயிருக்கும், வெள்ளரி, பூசணி என்றால் எலியோ அணிலோ. ட்ரேயை நான்கு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து அதற்குள் கற்களை வைத்து அதன்மேல் நிறுத்துங்கள், எறும்பு ஏறாது. கீரை போடும் தொட்டியில் ஓரத்தில் கொஞ்சம் நொய் போட்டுவிடுவேன், எறும்பு அதில் மும்முரமாக இருக்கும் நேரத்தில் கீரை முளைத்துவிடும். எலிக்கும் அணிலுக்கும் கொசுவலைத் துணிதான்.

போட்டபடியே உலர்ந்து கெட்டியாக இருக்கிறது. தண்ணீர் அதுவரை போய்ச் சேரவில்லை. ட்ரேயை அப்படியே தட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம் உட்காரவையுங்கள், விதை இன்னும் உயிரோடு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கெட்டித் தோல் விதை என்றால் எடுத்து நறுக்கி ஊறவைத்துத் திரும்பப் போடுங்கள்.

உப்பியிருக்கிறது, அழுத்தினால் கெட்டியாக நிற்கிறது, நறுக்கினால் உள்ளே வெள்ளையாக இருக்கிறது. உயிர் இருக்கிறது, சூடு போதவில்லை. இடத்தை மாற்றிவிட்டுப் பொறுங்கள். மிளகாய் இப்படி 20 நாள் வரை இழுக்கும்.

அழுத்தினால் கூழாகப் பிதுங்குகிறது, கெட்ட வாடை. இங்கேதான் டிஷ்யூ சோதனையின் எண்ணிக்கை வேலைக்கு வருகிறது. அதில் 80 சதவீதம் வந்து இங்கே கூழானால் குற்றவாளி தண்ணீர், காற்றில்லாமல் விதை மூச்சுமுட்டியிருக்கிறது. அதிலும் மோசமாக வந்திருந்தால் விதையே பழசு. சோதனையே செய்யவில்லை என்றால் இப்போதாவது பாக்கெட்டில் மிச்சமிருப்பதை டிஷ்யூவில் போடுங்கள், அது தெரிவதற்குள் அதே பாக்கெட்டிலிருந்து இரண்டாம் தடவை விதைக்காதீர்கள்.

வேர் விட்டிருக்கிறது, மேலே வரவில்லை, பழுப்பாகச் சுருண்டிருக்கிறது. என்னுடைய கதை. முளைவிட்டபின் ஒரே ஒரு மதியம் காய்ந்தால் போதும், உலர்ந்த விதையாக மாதக்கணக்கில் கிடந்தது ஒரு நாளில் போய்விடும். எல்லாம் காயாமல் இருந்தும் வேர் நுனி மட்டும் கருகியிருந்தால் உப்பு: கோகோபீட்டைக் கழுவவில்லை, அல்லது தண்ணீர் சரியில்லை. வெள்ளையாக, ஆரோக்கியமாக, நீளமாக இருந்து இன்னும் அடியிலேயே சுருண்டு கிடந்தால் ஆழமாகப் போட்டிருக்கிறீர்கள், மேல் மண்ணை மெதுவாக விலக்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

மேலே வந்துவிட்டது, ஆனால் விதைத்தோல் தொப்பி மாதிரி தலையைப் பிடித்திருக்கிறது. பாகலிலும் மிளகாயிலும் அடிக்கடி வரும். பிய்த்து எடுத்தால் இலையும் சேர்ந்து வரும். ஒரு சொட்டுத் தண்ணீர் அதன்மேல் வைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, விரலால் லேசாகத் தள்ளுங்கள். அடுத்த முறை கொஞ்சம் ஆழமாகப் போட்டால் மண்ணே அந்தத் தொப்பியை உரசிக் கழற்றிவிடும்.

தோண்டியதில் ஐந்துக்கு நான்கு ஒரே விதமாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ஐந்தும் ஐந்து விதம் என்றால் இன்னும் ஐந்து குழி தோண்டுங்கள். மறுபடி விதைக்கும்போது அந்த ஒரு காரணத்தை மட்டும் சரி செய்யுங்கள். மருந்து, ஊறல், புது உரம் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது.

11. முளைத்த நாற்று ஒரு ராத்திரியில் சாய்ந்தால்

அடித்தண்டு மண்மட்டத்தில் நூல் மாதிரி இளைத்து, மேல் இலை பச்சையாகவே இருக்க, நாற்று படுத்துவிடும். நாற்றழுகல். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் இது இல்லாத வீடு குறைவு. சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது, பக்கத்துக் குழிகளைத்தான் காப்பாற்ற வேண்டும்.

சாய்ந்த நாற்றை மண்ணோடு அள்ளிக் குப்பையில் போடுங்கள், உரத் தொட்டியில் வேண்டாம். தண்ணீரை நிறுத்துங்கள். ஃபேனைக் குறைந்த வேகத்தில் ட்ரே மேல் ஓடவிடுங்கள். லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் கரைத்து மீதிக் குழிகளின் அடியில் ஊற்றுங்கள். வயலில் காப்பர் ஆக்ஸி குளோரைடு என்ற பூஞ்சண மருந்தை லிட்டருக்கு 2.5 கிராம் ஊற்றுவார்கள், அதை நான் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. ஊற்றினாலும் சூடோமோனாஸோடு சேர்த்து ஊற்றாதீர்கள், ஒன்று மற்றதைக் கொன்றுவிடும்.

குழிக்கு இரண்டு விதை போட்டு இரண்டும் வந்திருந்தால், முதல் நிஜ இலை வந்ததும் மெலிந்ததைக் கத்தரிக்கோலால் அடியில் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் நல்லதன் வேரும் அசையும். மனசு கேட்காமல் இரண்டையும் விட்டால் இரண்டுமே சவலையாகும்.

12. வெயிலுக்குப் பழக்கி நடுவது

தக்காளி 25 நாள், கத்தரி 30 முதல் 35, மிளகாய் 35 முதல் 40 நாளில் நடவுக்குத் தயார். ஜன்னலில் வளர்ந்ததை நேராக மொட்டைமாடிக்குக் கொண்டுபோனால் மதியத்துக்குள் இலை வெளுத்துக் காகிதமாகிவிடும். ஒரு வாரம் முன்பிருந்தே காலை வெயில் முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு என்று கூட்டுங்கள், தண்ணீரையும் கொஞ்சம் குறையுங்கள். நடுவது சாயங்காலம்தான். நட்டபின் மூன்று நாள் பச்சை நிழல்வலை அல்லது ஒரு பழைய துப்பட்டா.

நெட்டையாகிவிட்ட தக்காளியை முதல் இலை வரைக்கும் புதைத்து நடலாம், தண்டிலிருந்தே வேர் விடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இந்தச் சலுகை அவ்வளவாக இல்லை.

13. மீந்த விதை

பாக்கெட்டைக் கிழித்த வாயோடு அலமாரியில் சொருகி வைத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. பாக்கெட்டை மடித்துக் கிளிப் போட்டு, இறுகிய மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில், வறுத்து ஆறவைத்த ஒரு பிடி அரிசியோ மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலமோ போட்டு, ஃப்ரிட்ஜில் வையுங்கள். டிஷ்யூ சோதனையில் எத்தனை வந்தது, என்ன தேதி என்று பாக்கெட் மேலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள்.

அடுத்த தடவை எடுக்கும்போது பாட்டிலை உடனே திறக்காதீர்கள். வெளியே வைத்து ஒரு மணி நேரம் கழித்து, கண்ணாடியின் மேல் படிந்த வியர்வை காய்ந்த பிறகு திறங்கள். குளிர்ந்த விதை மேல் நம் ஊர் ஈரக் காற்று பட்டால் அந்த வியர்வை விதை மேலேயே படியும்.